மோட்டார் பட்டறையில் முதல் கிறிஸ்தவர்கள்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகும் சந்தில் நுழைந்தாலே வார்னிஷ் வாடை மூக்கைத் துளைக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் மோட்டாரம்மாவின் பட்டறை வந்துவிடும். வழி கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். கருகிப்போன பம்பு மோட்டார்களைப் பிரித்து, வெந்த கம்பியை உளியால் வெட்டியெடுத்து, புதுச் செம்புக் கம்பியில் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மறுபடி உயிர் கொடுத்து அனுப்புவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் அங்கே கூலிக்குக் காயில் சுற்றப் போனவள், முதலாளி கடையைக் காலி செய்தபோது தானே எடுத்து நடத்த ஆரம்பித்தாள். பொம்பளை கட்டிய காயில் தாங்குமா என்று கேட்பவர்களிடம் அவள் வாயே கொடுப்பதில்லை. மோட்டாரைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். கேட்டவரே அதைச் சுமந்துகொண்டு திரும்ப உள்ளே வருவார்.

அவளுடைய அப்பா பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நிலக்காரர் வீட்டு ஆள் வந்து, அடுத்த பட்டத்துக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான். நிலக்காரரை அப்பா வாழ்நாளில் நேரில் பார்த்ததே கிடையாது. குடும்பம் டவுனுக்கு வந்தது, அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். இதை அவள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. மனசின் அடியில் மட்டும் கிடந்தது.

விவாதம் ஆரம்பித்தது சபைக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயோடு. முதல் சீடர்கள் ஒன்றுமில்லாத ஏழை மீனவர்கள் என்று போதகர் அன்றைக்குப் பிரசங்கத்தில் உருகியிருந்தார். அந்த மீனவர்களில் இரண்டு பேருடைய அப்பாவிடம் சொந்தப் படகும் கூலியாட்களும் இருந்ததாக வேதத்திலேயே இருக்கிறதே, அப்புறம் எப்படி ஒன்றுமில்லாதவர்கள் என்று மருந்துக்கடைக்காரர் சும்மா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். படகு இருந்தால் பணக்காரனா, கரையில் உட்கார்ந்திருந்த வரிக்காரன் எவ்வளவு பிடுங்கினானோ யார் கண்டது என்றார் ஓய்வுபெற்ற சர்வேயர். மோட்டாரம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூன்று பேரும் எழுந்தபோது கூடத்தைப் பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வாசலில் காத்திருந்தார்.

அதற்கப்புறம் வாராவாரம் அதுவே வேலையாயிற்று. மூன்று பேருக்கும் கிரேக்கமும் தெரியாது, எபிரேயமும் தெரியாது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் போனில் எதையாவது படித்துக்கொண்டிருப்பார். சர்வேயர் நூலகத்தில் ரோமாபுரி பற்றிய தடிப் புத்தகங்களை எடுத்துவந்து ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, நூலகரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். மோட்டாரம்மாவோ வேதத்தை மட்டும்தான் படித்தாள், ஆனால் மோட்டாருக்குள் காயில் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டரைப் பிரிப்பது மாதிரிப் படித்தாள். எந்தக் கம்பி எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்காமல் விடமாட்டாள்.

அப்படிப் பார்த்ததில் அவளுக்கு ஒரே விஷயம்தான் தெரிந்தது. வேதத்தில் வருகிற உவமை எதை எடுத்தாலும் வயலில் போய் முடிகிறது. விதைக்கிறவன், களை பிடுங்குகிறவன், வேலைக்கு யாராவது கூப்பிட மாட்டார்களா என்று சந்தையில் நாள் முழுக்க நிற்கிறவன், தூரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு பங்கு வாங்க ஆள் அனுப்புகிற நிலக்காரன். இது பட்டணத்துச் சமாச்சாரமே இல்லை, நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் கலகம் என்று அவள் அடித்துச் சொன்னாள். சர்வேயர் துள்ளிக் குதித்து அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துச் சீட்டைப் படிக்கிறவருக்கு எதிலும் நிச்சயம் வராது என்று சர்வேயர் அவரைக் கிண்டல் செய்வார்.

அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. தூரத்து நிலக்காரனைப் பற்றிப் பேச்சு வந்த ஒரு நாளில், நம்ம சபைக்கும் ஊருக்கு வெளியே நிலம் இருக்கிறது, வாரத்துக்குத்தான் விட்டிருக்கிறோம், பங்கு வாங்கப் போகிற ஆள் நம்ம செயலாளர், அப்படியானால் அந்த உவமையில் நாம் யார் என்று மோட்டாரம்மா கேட்டுவிட்டாள். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னும் பத்துப் பேர் காதில் அது விழுந்தது. மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

செயலாளர் டைல்ஸ் ஷோரூம் வைத்திருப்பவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. அடுத்த வாரமே கமிட்டி அவளைக் கூப்பிட்டனுப்பியது. நீள மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் பூ, மெதுவாகச் சுற்றும் ஃபேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அவளுடைய நாத்தனார். கணவரின் அக்கா. பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். கமிட்டியில் இருக்கிற ஒரே பெண். தம்பி பெண்டாட்டி உள்ளே வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர், கடைசிவரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேத ஆராய்ச்சி என்பது முறையாகப் படித்தவர்கள் செய்யவேண்டியது, ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினால் சபை சந்தையாகிவிடும் என்றார் செயலாளர். கூடம் இனி அவர்களுக்குக் கிடையாது. வருகிற ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, பேசியது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

"எது தப்பு?" என்று கேட்டாள் மோட்டாரம்மா.

"பேசினதே தப்பும்மா."

"விவசாயிங்கன்னு நான் சொன்னது தப்புன்னா, எங்க தப்புன்னு காட்டுங்க, திருத்திக்கிறேன். நிலத்தைப் பத்திச் சொன்னது பொய்னா பொய்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம பேசினதே தப்புன்னா, அதுக்கு மன்னிப்பு கேக்கற ஆள் நான் இல்ல."

போதகர் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். வாசலில் வேனோடு கணவர் நின்றிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எதற்கும் பதறாத மனுஷர். அவள் முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்தார். பாதி வழி போனதும் சொன்னார்: "அக்கா ஏதாவது சொன்னாளா?"

"கண்ணாடி நல்லாப் பளபளன்னு இருக்கு."

அவர் கியரை மாற்றினார்.

பாட்டுக்குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். சபைக் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கிற வேலையும் வேறு பட்டறைக்குப் போயிற்று. தெருவில் எதிரே வந்த இரண்டொருவர் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் ஞாயிறுதோறும் அவள் ஆராதனைக்குப் போவதை நிறுத்தவில்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்தாள். குழுவில் இல்லாவிட்டாலும், இருந்த இடத்திலிருந்தே பாட்டுக்குழுவைவிட ஓங்கிப் பாடினாள். அவள் குரல் அப்படி ஒன்றும் தேன் இல்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

விவாதம் பட்டறைக்கு மாறியது. ஞாயிறு மத்தியானம் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டால் போதும், ஆட்கள் குனிந்து உள்ளே வந்துவிடுவார்கள். மோட்டார் உடம்புகள்மேலும் கம்பி வந்த மரப்பெட்டிகள்மேலும் உட்கார்ந்து பேசினார்கள். கூடம் பூட்டப்பட்டது தெரிந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். சபை நிலத்தை வாரத்துக்கு உழுகிறவர், ஊரில் கிணற்றுக்காரர் என்று பெயர், பழுதுக்குக் கொடுத்த தன் மோட்டாரை ஒருநாள் வாங்க வந்தவர், பேச்சைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வரவர விதைக்கிறவன் உவமையை வைத்துக்கொண்டு மோட்டாரம்மாவிடமே வம்பு வளர்த்தார். வழியிலும் பாறையிலும் முள்ளிலும் விதையைக் கொட்டுகிறவன் தன் வீட்டில் பிறந்திருந்தால் முதுகு பழுத்திருக்கும், இதைச் சொன்னவர் விதைத்தவராக இருக்க முடியாது, வேலியோரம் நின்று பார்த்தவர்தான் என்றார். அந்தக் காலத்தில் முதலில் விதைத்துவிட்டு அப்புறம்தான் உழுதார்களாம் என்று சர்வேயர் ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அப்படி உழுகிற ஊர் எது என்று கிணற்றுக்காரர் கேட்க, சர்வேயர் பக்கம் பக்கமாகப் புரட்ட, அன்றைய பொழுது அதிலேயே போயிற்று. மோட்டாரம்மா இரண்டு பேரையும் அடக்கிவிட்டு, விதை எப்படிப் போட்டால் என்ன, வயிறு காய்ந்தவன் கதைதானே என்று முடித்துவைத்தாள். சொன்னவர் விதைத்தவராக இல்லாமல் இருக்கலாம் என்ற அந்தச் சின்ன உறுத்தலை அவள் அப்போது கண்டுகொள்ளவில்லை.

கூட்டம் கூடக்கூட சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. 'உழவர் வேத வட்டம்' என்று ஒரு போர்டே எழுதிக்கொண்டு வந்து நிறுத்தினார். இனிமேல் இது வெறும் பேச்சு இல்லை, கட்சி என்றார். மோட்டாரம்மாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மூட்டை தூக்கிய அப்பாவை யாரோ மேடையேற்றி உட்காரவைத்த மாதிரி இருந்தது.

நாத்தனார் வந்தது அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பாதி ஷட்டருக்கு அடியில் முதலில் கைப்பை தெரிந்தது, பின்னால் அவர். சர்வேயர் எழுந்து தன் மரப்பெட்டியைத் தந்தார். நாத்தனார் கைக்குட்டையால் அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கமிட்டி அனுப்பி வந்திருக்கிறாரா என்று கிணற்றுக்காரர் வெளிப்படையாகவே கேட்டார். யாரும் அனுப்பவில்லை, எங்கே தப்பு என்று காட்டச் சொன்னாளே, அதைக் காட்ட வந்தேன் என்றார் நாத்தனார். அன்றைக்கே கமிட்டியில் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அதை அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

அப்புறம் வகுப்பெடுக்கிற குரலில் ஆரம்பித்தார். கதை கிராமத்தில் தொடங்கியது உண்மைதான், அதில் சண்டையில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குள் அது எங்கே போயிற்று? ஊர் ஊராகப் போய்ச் சபை நட்ட அப்போஸ்தலர் எழுதின கடிதங்கள் எந்த ஊர்களுக்குப் போயின? துறைமுகப் பட்டணங்களுக்கும் சந்தைப் பட்டணங்களுக்கும். அவற்றில் வருகிற ஆட்கள் யார்? கூடாரம் தைக்கிறவன், சாயத்துணி வியாபாரம் செய்கிற பெண், ஒரு பட்டணத்துக்குப் பொருளாளர், வீட்டு அடிமைகள், அந்த அடிமைகளை வைத்திருந்த எஜமான்கள். பிற்காலத்தில் ஒரு எதிரி இவர்களைக் கேலி செய்து எழுதினான். கம்பளி வேலை செய்கிறவனும் செருப்பு தைக்கிறவனும் துணி வெளுக்கிறவனும் வீட்டுக்குள் புகுந்து பெண்களையும் பிள்ளைகளையும் கெடுக்கிறார்கள் என்று திட்டினான். உழவர்கள் என்று அவன் திட்டவில்லை. ரோமாபுரி ராஜ்யத்தில் கடைசியாக மதம் மாறியவர்கள் கிராமத்துக்காரர்கள். விசுவாசியல்லாதவனுக்கு ரோமாபுரிப் பாஷையில் வழங்கிய வார்த்தைக்கே முதலில் நாட்டுப்புறத்தான் என்றுதான் அர்த்தம்.

மோட்டாரம்மா விடவில்லை. பட்டணத்தில் கூடாரம் தைத்தவனுடைய அப்பன் என்ன செய்துகொண்டிருந்தான், நிலம் போனதால்தானே தைக்க வந்திருப்பான் என்று மடக்கினாள். இருக்கலாம், ஆதாரம் எங்கே என்றார் நாத்தனார். ஏழைகள் பற்றி இத்தனை வசனம் இருக்கிறதே என்றாள் இவள். ஏழை என்றால் உழவன்தானா, பட்டணத்தில் ஏழை இல்லையா என்றார் அவர். பந்து இரண்டு பக்கமும் போய்வந்தது. மருந்துக்கடைக்காரர் இந்தத் தடவை "இருக்கலாம்" என்றுகூடச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மோட்டாரம்மாவின் குரல்தான் உயர்ந்தது. குரல் உயர்ந்தது என்றால் கையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

நாத்தனார் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்: "உனக்கு அங்க உன் அப்பாவைப் பாக்கணும். அதான் அவங்க எல்லாரும் விவசாயியா இருந்தாகணும்னு நிக்கற. அதுல தப்பில்ல. ஆனா அது சரித்திரம் இல்ல."

அந்த வாரம் பட்டறையில் யாராலும் அவளிடம் பேச முடியவில்லை. ஒரு காயிலைத் தலைகீழாக இணைத்துவிட்டு, மோட்டார் உறுமியதும் மோட்டாரையே திட்டினாள். நாத்தனார் சொன்ன கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தாள். படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது, ஏனென்றால் பெயர்களெல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன. அப்போஸ்தலர் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டதாக ஒரு இடத்தில் எழுதியிருந்ததை அவள் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். அது கலப்பை பிடித்த கை இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஊசியும் கூடாரத் தோலும் பிடித்த கை. அதைவிட மோசமாக, அடிமைகளே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எழுதியிருந்த இடங்களில் அவளால் தாண்டிப் போக முடியவில்லை. அவள் நினைத்திருந்த கலகக்கூட்டத்தில் அடிமை வைத்திருந்தவனும் உட்கார்ந்து அப்பம் பிட்டிருக்கிறான்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்: "உங்கக்கா சொன்னதுல பாதி சரி."

"மீதிப் பாதி?"

"அதையும் பாத்துக்கிட்டிருக்கேன்."

இருபத்தைந்து வருஷத்தில் தனக்கு அந்தப் பாதிகூடக் கிடைத்ததில்லை என்று கணவர் தட்டைப் பார்த்துச் சொன்னார். அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டறை நிரம்பியிருந்தது. நாத்தனாரும் வந்திருந்தார். மோட்டாரம்மா சுற்றி வளைக்கவில்லை. இத்தனை நாளாக இது முழுக்க உழவர் கூட்டம் என்று தான் சொன்னது தவறு, ஆரம்பம் அப்படி இருந்திருக்கலாம், வளர்ந்தது பட்டணத்துப் பட்டறைகளிலும் வீடுகளிலும்தான், அங்கே நல்லவனும் இருந்தான், ஆளை விலைக்கு வாங்கினவனும் இருந்தான் என்று நேராகச் சொல்லிவிட்டாள்.

சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அவளைத் தனியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். இப்படிப் பேசினால் கமிட்டி கைகொட்டிச் சிரிக்கும், நம்மை நம்பி இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள், மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், வெளியே மட்டும் பழையபடியே சொல்லு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். போர்டு வேறு எழுதியாயிற்று என்றார்.

"அப்ப செயலாளருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் சார்? அவர் பேசாதேங்கறார். நீங்க நினைக்காதேங்கறீங்க."

சர்வேயர் போர்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரோடு நாலைந்து பேர் போனார்கள். அவருடைய வீட்டு மாடியில் கொஞ்ச நாள் தனியாக ஒரு வட்டம் நடந்தது. அங்கே எல்லோரும் ஒத்துப் போனதால் பேச ஒன்றும் இல்லாமல் சீக்கிரமே கலைந்தது.

விஷயம் செயலாளருக்கும் போயிற்று. அவரே ஒருநாள் பட்டறைக்கு வந்தார், வெள்ளைச் சட்டையில் கிரீஸ் படாமல் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. தவறு என்று ஒப்புக்கொண்டது பெரிய மனசு, அதையே வருகிற ஞாயிறு ஆராதனையில் ஒரு வரி சொல்லிவிட்டால் கூடத்தின் சாவி அன்றைக்கே கையில், பாட்டுக்குழுவிலும் பழைய இடம் என்றார். மோட்டாரம்மா கையிலிருந்த காயிலை ஸ்டேட்டரில் இறக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நான் தப்புன்னு சொன்னது அந்தக் காலத்து ஆளுங்களைப் பத்தி. பேசினது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. நம்ம நிலத்தைப் பத்திக் கேட்டேனே, அது அப்படியேதான் இருக்கு. அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல."

"உங்க நாத்தனாரே நீங்க சொன்னது தப்புன்னுதானேம்மா நிரூபிச்சாங்க?"

"ஆமா. பேச விட்டதாலதான் நிரூபிக்க முடிஞ்சுது."

செயலாளர் சிரிப்பை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு கமிட்டி நாத்தனாரைக் கூப்பிட்டு, பொறுப்பில் இருக்கிறவர் அங்கே போகலாமா என்று கேட்டது. விவாதம் செய்யத்தான் போனேன், ஜெயித்தேன், ஆனால் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது, அதனால் அடுத்த வாரமும் போவேன் என்றாராம். இந்தத் தடவை மூக்குக்கண்ணாடி மூக்கின்மேலேயே இருந்ததாக, அங்கே டீ கொண்டுபோனவர் வந்து சொன்னார்.

சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் கிணற்றுக்காரர் எழுந்து, நிலத்தை வந்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் பங்கைப் பேசுங்கள் என்றார். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. கமிட்டித் தேர்தலில் மோட்டாரம்மா நின்றாள், முன்மொழிந்தவர் நாத்தனார். நன்றாகவே தோற்றாள். முடிவை அறிவித்த போதகர் அவள் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவளோ எழுந்து நின்று, அடுத்த தடவையும் நிற்பேன், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின்வரிசையில் யாரோ கைதட்டி, தனியாகத் தட்டுவது தெரிந்ததும் நிறுத்தினார்கள். மருந்துக்கடைக்காரர்தான் என்று பேச்சு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இப்போதும் ஞாயிறு மத்தியானம் அந்தச் சந்து வழியாகப் போகிறவர்களுக்கு உள்ளே இரண்டு பெண் குரல்கள் மோதிக்கொள்வது கேட்கும். சர்வேயரும் திரும்ப வந்துவிட்டார், போர்டு இல்லாமல். இப்போது விவாதம் அந்தக் காலத்து அடிமைகளில் வந்து நிற்கிறது. எஜமான் சபையில் சேர்ந்ததால் அடிமையும் சேர்ந்தானா, தானாகச் சேர்ந்தானா என்பது தகராறு. அதற்கு ஆதாரமே கிடையாது, அவர்கள் தங்கள் வாயால் சொன்னது ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால் அதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல முடியாது என்று நாத்தனார் போன வாரம் முடித்துவிடப் பார்த்தார்.

"யாரும் எழுதி வைக்கலைங்கறதுக்காக அவங்க ஒண்ணும் நினைக்காமயா இருந்திருப்பாங்க? நீங்க வேணா விடுங்கக்கா. நான் விட மாட்டேன்," என்றாள் மோட்டாரம்மா.

நாத்தனார் பெருமூச்சு விட்டுவிட்டு, மரப்பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.